தொடாத கருவிக்குச் சுருதி சேர்த்தல்

சங்கீதத்தை நம்பி வந்தவர்களுக்கு வணக்கம். சால்டரிங் அயனை நம்பி வந்தவர்களுக்கும் வணக்கம். இரண்டையும் நம்பாமல், வெளியே வெயில் தாங்காமல் உள்ளே நுழைந்தவர்களுக்கு ஒரு படி கூடுதலாகவே வணக்கம். இன்றைய பேச்சு உங்களுக்கும் புரியும்படி இருந்தால்தான் நான் பேசியதாக அர்த்தம்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் தெரமின். அதை வீட்டிலேயே எப்படிச் செய்வது, செய்த பிறகு அதற்கு எப்படிச் சுருதி சேர்ப்பது, இதுதான் பேச்சு. செய்வதைப் பற்றிக் கொஞ்சமாகவும் சுருதி சேர்ப்பதைப் பற்றி நிறையவும் பேசப்போகிறேன். காரணம் இருக்கிறது. தெரமின் செய்தவர்கள் எத்தனையோ பேர். செய்த தெரமினைப் பரணில் போட்டவர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். ஏன் பரணுக்குப் போகிறது? சர்க்யூட் தப்பா? பெரும்பாலும் இல்லை. சர்க்யூட் படத்தில் வரையாத ஒரு உறுப்பு இந்தக் கருவியில் இருக்கிறது. அந்த உறுப்பு, வாசிக்கிறவருடைய உடம்பு. அதை விட்டுவிட்டுச் சுருதி சேர்த்தால் எந்தத் தெரமினும் ஊளையிடத்தான் செய்யும்.

முதலில் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு மரப்பெட்டி. வலப்பக்கம் நட்டுக்குத்தாக ஒரு உலோகக் கம்பி. இடப்பக்கம் படுக்கைவாட்டில் ஒரு உலோக வளையம். தந்தி உண்டா? இல்லை. தோல் உண்டா? இல்லை. துளை உண்டா? இல்லை. வாசிப்பவர் எதையும் தொடுவதில்லை. வலக்கை கம்பியை நெருங்க நெருங்கச் சுருதி ஏறுகிறது. இடக்கை வளையத்தை நெருங்க நெருங்க ஓசை அடங்குகிறது. குரலும் செல்லோவும் கலந்தாற்போல ஒரு நாதம். நல்ல கையில் அது பாடும். மற்ற கையில் அது பேய்ப்படம்!

இதைக் கண்டுபிடித்தவர் ருஷ்யர். லெவ் தெர்மென் என்று பெயர். அவர் பெயர்தான் மேற்கே போய்த் தெரமின் ஆகிக் கருவிக்கும் ஒட்டிக்கொண்டது. 1920-ஆம் ஆண்டு, பெத்ரோகிராத் நகரம், இயற்பியல் அறிஞர் அப்ராம் யோஃபேயின் ஆய்வுக்கூடம். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. தெர்மென் அங்கே இசைக்கருவி செய்யப் போகவில்லை. வாயுக்களின் மின் இயல்பை அளக்க ஒரு கருவியைக் கட்டிக்கொண்டிருந்தார். அளவு மாறினால் காதில் மாட்டிய ஹெட்ஃபோனில் ஓசை மாறும். ஓசை மாறியது, ஆனால் வாயுவால் அல்ல, பக்கத்தில் அசைந்த அவருடைய கையால். வேறொருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? கையால் வருகிற இந்தத் தொல்லையைப் போக்க வழி தேடியிருப்பார். தெர்மென் செல்லோ வாசிக்கப் பயின்றவர். தொல்லையிலேயே ஒரு மெட்டை வாசித்துப் பார்த்தார்.

1922-இல் கிரெம்ளினில் லெனின் முன்னால் வாசித்துக் காட்டினார். லெனினே கை நீட்டி வாசித்துப் பார்த்தார் என்பது தெர்மென் பின்னாளில் சொன்ன செய்தி. 1927 கடைசியில் அமெரிக்கா போனார். அடுத்த ஆண்டு காப்புரிமை கிடைத்தது. ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏறத்தாழ 500 தெரமின்களைச் செய்து, சீட்டியடிக்கத் தெரிந்தவர் எவரும் இதை வாசிக்கலாம் என்கிற தோரணையில் விளம்பரம் செய்தது. அது ஒரு பெரிய பொய். போதாக்குறைக்கு 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது. வியாபாரம் படுத்தது.

1938-இல் தெர்மென் சோவியத் நாடு திரும்பினார். கைது, கொலிமா முகாம், பிறகு கைதி விஞ்ஞானிகளைப் பூட்டிவைத்து வேலை வாங்கிய ரகசிய ஆய்வுக்கூடம். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற ஒட்டுக்கேட்புக் கருவியைச் செய்தார். மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினைக்குள் அதை ஒளித்து, 1945-இல் மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1952 வரை அது சுவரில் தொங்கியது. பேட்டரி கிடையாது. பேச்சொலி பட்டு ஒரு மெல்லிய தகடு அதிரும். அதன் மின்தேக்கம் மாறும். வெளியிலிருந்து பாய்ச்சிய ரேடியோ அலை அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு திரும்பும். கவனியுங்கள்! தெரமினில் மின்தேக்கத்தின் மாற்றம் ஓசையாகிறது. இங்கே ஓசை மின்தேக்கத்தின் மாற்றமாகிறது. அதே மனிதர், அதே வித்தை, தலைகீழாக!

வீட்டில் செய்கிற கதைக்கு வருவோம். நியூயார்க்கில் ஒரு பையன். பதினாலு வயதில், பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்துத் தெரமின் செய்தான். 1954-இல், வயது இருபது ஆவதற்குள், தெரமின் செய்வது எப்படி என்று தானே பத்திரிகையில் கட்டுரை எழுதினான்; செய்து விற்கவும் தொடங்கினான். அவன்தான் ராபர்ட் மூக். பிற்பாடு மூக் சிந்தசைசரால் உலக இசையையே புரட்டியவர். ஆகவே, வீட்டு மேஜையில் தெரமின் கட்டுகிறவர் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. இந்தக் கருவியின் ராஜபாட்டை வீட்டு மேஜை வழியாகத்தான் போகிறது.

சரி, எப்படி வேலை செய்கிறது? இரவில் மீடியம் வேவ் ரேடியோவைத் திருப்பியவர்களுக்குத் தெரியும். இரண்டு நிலையங்கள் நெருங்கி மோதினால் நடுவில் 'கூ...' என்று ஒரு விசில் கேட்கும். முள்ளை நகர்த்தினாலும் அது எளிதில் போகாது. அந்த விசில்தான் தெரமின். நாம் ரேடியோவில் தொந்தரவு என்று நினைத்ததைத் தெர்மென் வாத்தியம் ஆக்கினார்.

பெட்டிக்குள் இரண்டு ஆஸிலேட்டர்கள். இரண்டும் விநாடிக்கு 5,00,000 முறை அதிர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காதுக்கும் கேட்காத வேகம். ஒன்று அசையாமல் அங்கேயே நிற்கிறது. மற்றொன்றில் நம் கம்பியைக் கட்டியிருக்கிறோம். கை நெருங்கினால் கம்பிக்கும் கைக்கும் இடையே மின்தேக்கம் கூடுகிறது. அந்த ஆஸிலேட்டரின் வேகம் குறைகிறது. 5,00,000 என்பது 4,99,560 ஆகிறது. இரண்டையும் கலந்து, வித்தியாசத்தை மட்டும் வடித்தெடுத்தால் என்ன மிஞ்சும்? 440. அது காதுக்குக் கேட்கும் சுரம்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கணக்கென்றால் கலங்குபவர்கள் அரை நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸிலேட்டரில் மொத்த மின்தேக்கம் 150 பிகோஃபாரட். உங்கள் கை சேர்ப்பது 0.3 பிகோஃபாரட். ஆயிரத்தில் இரண்டு பங்கு. அதிர்வெண் மாறுவது அதில் பாதி, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. 5,00,000-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு 500. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து 500 ஹெர்ட்ஸ் வரை ஏறிவிட்டோம், ஒரு பிகோஃபாரட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டு! உங்கள் கைக்கே இவ்வளவு சக்தி என்றால், உங்கள் வயிற்றுக்கு, தோளுக்கு, பக்கத்தில் வந்து எட்டிப் பார்க்கிற மாமாவுக்கு எவ்வளவு சக்தி? அதை நினைவில் வையுங்கள்.

இப்போது செய்முறை. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பட்டால் ஓசை மாறுகிற ஒரு பொம்மையைத் தெரமின் என்று பெயர் போட்டு விற்கிறார்கள். அதில் இருப்பது ஒளி உணரி. பிள்ளைகளுக்கு விளையாட நன்றாக இருக்கும். ஆனால் அது தெரமின் இல்லை. அடுத்தது, 4093 என்கிற ஒற்றைச் சில்லில் நாலு கேட்டுகளையும் வைத்துச் செய்கிற தெரமின். அது அசல்தான். ஒரு மாலையில் முடிந்துவிடும். கை அசைந்தால் ஓசை அசையும். ஆனால் இரண்டு ஆஸிலேட்டரும் ஒரே சில்லுக்குள் ஒட்டி உட்கார்ந்திருப்பதால், வேகம் நெருங்கியதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகள் கொஞ்ச தூரம் போனதும் ஒரே நடைக்கு வந்துவிடும், பார்த்திருக்கிறீர்கள் இல்லையா? அதே கதை. வித்தியாசம் சட்டென்று பூஜ்யம் ஆகிவிடும். மந்திர ஸ்தாயி முழுக்கப் போய்விடும். கேட்டு மகிழ அது போதும். சுருதி சேர்க்க அது போதாது.

நான் சொல்வது பழைய பாக்கெட் ரேடியோ வழி. ரேடியோவுக்குள் சதுரமான சின்னத் தகரக் கூடுகள் இருக்கும், தலையில் மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று வண்ணம் தீட்டியிருக்கும். ரேடியோ மெக்கானிக்குகள் ஐ.எஃப்.டி. என்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய ரேடியோவைப் பிரித்து எடுங்கள். ஒரே நிறத்தில் இரண்டு வேண்டும். அது பிறந்தது 455 கிலோஹெர்ட்ஸுக்கு. அடியில் ஒரு குட்டிக் குழாய்க் கண்டென்சர் ஒட்டியிருக்கும். அதை எடுத்துவிட்டு, வெளியே கொஞ்சம் குறைவான கண்டென்சரைப் போட்டால் 500 கிலோஹெர்ட்ஸுக்கு வரும். ஏன் 455-லேயே விடக்கூடாது? பெரும்பாலான மீடியம் வேவ் ரேடியோக்களுக்கு உள் அதிர்வெண் 455 தான். சோதிக்கும்போது ரேடியோ குழம்பிப்போகும், நீங்களும் குழம்பிப்போவீர்கள்.

கண்டென்சர் வாங்கும்போது என்.பி.ஓ. ரகம் என்று கேட்டு வாங்குங்கள். சூட்டுக்கு மாறாத ரகம் அது. மற்றப் பீங்கான் கண்டென்சர்களைப் போட்டால், காலையில் ஒரு சுருதி, உச்சி வெயிலில் ஒரு சுருதி. காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. டிரான்சிஸ்டர் பி.சி. 548 போதும், அதில் பெருமை ஒன்றும் வேண்டாம். இரண்டு ஆஸிலேட்டரையும் தனித்தனித் தகர டப்பாவில் வையுங்கள். பிஸ்கட் டின் தாராளமாகப் போதும். மின்சாரத்தை ரெகுலேட்டர் வழியாகக் கொடுங்கள். ஒவ்வொரு டப்பாவிலிருந்தும் ஐந்தாறு பிகோஃபாரட் அளவுள்ள சின்னக் கண்டென்சர் வழியாக மட்டுமே அதிர்வு வெளியே வரட்டும். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு ஜெர்மேனியம் டயோடு, பிறகு ஒரு வடிகட்டி, பிறகு எல்.எம். 386 ஆம்ப்ளிஃபயர். கம்பிக்கு விரல் பருமனில் செம்புக் குழாயோ அலுமினியக் குழாயோ, சுமார் 45 செ.மீ. நீளம். இடக்கை வளையம் முதல் கருவிக்கு வேண்டாம் என்பது என் கட்சி. ஓசையை ஒரு கால் மிதியால் கட்டுப்படுத்துங்கள். வலக்கை வசப்பட்ட பிறகு வளையத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனிதான் விஷயமே ஆரம்பம். சுருதி சேர்ப்பது!

ஆஸிலாஸ்கோப் இல்லையே என்று யாரும் ஏங்க வேண்டாம். ஒரு மீடியம் வேவ் ரேடியோ போதும். அசையாத ஆஸிலேட்டரை மட்டும் ஓடவிடுங்கள். அது 500-இல் அதிர்ந்தால், அதன் இரண்டாம் மடங்கு 1000-இல் இருக்கும்; அது ரேடியோவின் எல்லைக்குள் வருகிறது. ரேடியோவைப் பக்கத்தில் வைத்து, நிலையம் எதுவும் இல்லாத 1000-இல் முள்ளை நிறுத்துங்கள். 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் கேட்கும். இப்போது ஐ.எஃப்.டி.யின் தலையில் இருக்கிற திருகை மெல்லத் திருப்புங்கள். எதால் திருப்புவது? இரும்புத் திருப்புளி கூடாது. இரும்பு உள்ளே நுழைந்தாலே அதிர்வெண் மாறும். வெளியே எடுத்ததும் மறுபடி மாறும். மூங்கில் குச்சியைச் சீவி, நுனியைத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். அழுத்தவும் கூடாது. அந்தத் திருகு ஃபெரைட். சொன்ன பேச்சுக் கேட்காமல் உடையும். அரைச் சுற்று, கால் சுற்று என்று போகும்போது ஓரிடத்தில் அந்த 'ஷ்ஷ்' இரைச்சல் சட்டென்று அடங்கும். உங்கள் ஆஸிலேட்டர் வந்துவிட்டது. உங்கள் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையம், பாட்டு மட்டும் இல்லை!

இப்போது இரண்டாவதையும் ஓடவிட்டு, அதன் திருகைத் திருப்புங்கள். ரேடியோவிலேயே கீச்சென்று ஒரு ஓசை எங்கிருந்தோ இறங்கி வரும். இறங்கி, இறங்கி, உறுமலாகி, டக் டக் என்று துடித்து, நிற்கும். இரண்டும் ஒன்றாகிவிட்டன. ரேடியோவில் நீங்கள் கேட்பது இரண்டாம் மடங்குகளின் வித்தியாசம்; ஆகவே உங்கள் கருவி எழுப்பும் அசல் ஓசையைவிட ஒரு ஸ்தாயி மேலே இருக்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

முடிந்துவிட்டதா? முடியவில்லை. இது பெட்டிக்குச் சேர்த்த சுருதி. இன்னும் உங்களுக்குச் சேர்க்கவில்லை.

டப்பாக்களை மூடுங்கள். எர்த் கொடுங்கள். இந்த எர்த் விஷயத்தில்தான் பாதித் தெரமின்கள் பரணுக்குப் போகின்றன. கண்டென்சரில் இருப்பதுபோல, கை ஒரு தகடு, கம்பி ஒரு தகடு. ஆனால் உடம்பு தரையோடு உறவாடுகிறது. பெட்டியும் தரையோடு உறவாடினால்தான் வட்டம் முழுமையாகும். இரண்டு முனை அடாப்டரில் ஓட்டினால் பெட்டி அந்தரத்தில் நிற்கும். கைக்குப் பாதி உணர்வுதான் இருக்கும். ஒயரைத் தொட்டால் சுரம் ஓடும். எர்த் உள்ள மூன்று முனை ஆம்ப்ளிஃபயருக்கு ஆடியோ ஒயரைக் கொடுங்கள். அதன் உறைக்கம்பி வழியாகவே எர்த் வந்துவிடும். சுவர்ப் பிளக்கில் கம்பியைச் செருகுகிற வித்தை வேண்டவே வேண்டாம். நான் பேச்சாளன், இரங்கற்பா பாடுகிறவன் இல்லை.

பிறகு ஒரு கால் மணி நேரம் சும்மா இருங்கள். கருவி சூடேறி ஒரு நிலைக்கு வரட்டும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் சுருதி சேர்த்துவிட்டு, அது நழுவி, மறுபடி சேர்த்து, மறுபடி நழுவி, கடைசியில் கருவியைத் திட்டுவார்கள்.

இப்போது வாசிக்கிற இடத்தில் நில்லுங்கள். எட்டி நின்று ஒற்றைக் கையால் திருகிவிட்டு வருவது உதவாது. வாசிக்கும்போது எப்படி நிற்பீர்களோ அப்படியே நில்லுங்கள். கால் பரப்பி, இடுப்பு அசையாமல், வலக்கையை மடக்கித் தோளருகே வைத்துக்கொள்ளுங்கள். இடக்கையால் பெட்டியின் முகப்பில் உள்ள சிறு கண்டென்சர் குமிழைத் திருப்புங்கள். அந்தக் குமிழ் அசையாத ஆஸிலேட்டரோடு சேர்ந்தது. ஓசை இறங்க வேண்டும். உறுமல், துடிப்பு, பிறகு மௌனம். அந்த மௌனம் உங்கள் வலக்கை தோளில் இருக்கும்போது வர வேண்டும். இதுதான் கருவியின் அடிவாரம்.

ஆனால் மௌனத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று எப்படித் தெரியும்? கையை மெல்லக் கம்பியை நோக்கி நீட்டுங்கள். ஓசை அடியிலிருந்து சீராக ஏறினால் சரி. முதலில் இறங்கி, நின்று, பிறகு ஏறினால்? கம்பியோடு கட்டிய ஆஸிலேட்டர் கொஞ்சம் மேலே உட்கார்ந்திருக்கிறது. கை வந்து அதைக் கீழே இழுக்கும்போது முதலில் மௌனத்தைக் கடந்துதான் அது மறுபக்கம் போகிறது. குமிழை இம்மியளவு திருப்பினால் சரியாகும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஸ, ரி, க, ம என்று தேடுகிறவர்களுக்கு, ஏற வேண்டிய சுரம் இறங்கும். இறங்க வேண்டியது ஏறும்.

அடுத்து, கை கம்பியைத் தொடாமல் தொடுகிற தூரத்துக்குப் போகட்டும். எவ்வளவு உயரம் ஏறுகிறது? மூன்று ஸ்தாயி கிடைத்தால் வீட்டுக் கருவிக்கு அது நல்ல விளைச்சல். ஒரு குறை தெரியும். உடம்புப் பக்கம் சுரங்கள் அகல அகலமாக இருக்கும். கம்பி அருகே ஒன்றோடொன்று நெருக்கியடிக்கும். இதைச் சீராக்கத்தான் கம்பிக்கும் ஆஸிலேட்டருக்கும் நடுவே ஒரு பெரிய காயிலைத் தொடராகப் போடுகிறார்கள். மூக் பிற்காலத்தில் வடிவமைத்த ஈதர்வேவ் தெரமினில் 10 மில்லிஹென்றி காயில்கள் நான்கு அப்படி வரிசையாக நிற்கின்றன. அது இரண்டாவது கருவிக்கான வேலை. முதல் கருவியில் நெருக்கத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி சங்கீதக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் ஸட்ஜமம் எங்கே இருக்கிறது? வீணைக்கு மெட்டு உண்டு, பிரடை உண்டு. வயலினுக்கு மெட்டு இல்லாவிட்டாலும் விரல் ஊன்ற ஒரு பலகை உண்டு. இங்கே ஊன்ற எதுவும் இல்லை. ஆகவே சுருதிப்பெட்டியை ஓடவிடுங்கள். கை பாதி நீண்ட இடத்தில் ஸட்ஜமம் விழும்படி குமிழைக் கொஞ்சம் சரிசெய்யுங்கள். சுருதிப்பெட்டியோடு உங்கள் சுரம் உரசும்போது ஒரு அலை கேட்கும். அலை மெதுவாகி நிற்கிற இடம்தான் ஸட்ஜமம். 'ஆகா, தொடர்ச்சியாக வழுக்குகிற கருவி, கமகத்துக்கென்றே பிறந்தது' என்று நம்மவர்கள் உடனே சொல்வார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் கமகம் இங்கே கேட்காமலே வரும். மூச்சு விட்டால் கமகம், முழங்கால் ஆடினால் கமகம். வராதது எது தெரியுமா? அசையாத ஸட்ஜமம்!

அதை வரவழைத்தவர் கிளாரா ராக்மோர். வில்னியஸில் பிறந்து, சிறுவயதிலேயே வயலினில் பெயரெடுத்தவர். உடல்நலக் குறைவால் வில்லைக் கீழே வைக்க நேர்ந்தது. தெரமினுக்கு வந்தார். மூன்று ஸ்தாயி போதாது, ஐந்து வேண்டும் என்றார். இடக்கைக்கு ஓசை இன்னும் வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றார். தெர்மென் அவருக்கென்றே ஒரு கருவியைச் செய்துகொடுத்தார். 1977-இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டைக் கேளுங்கள். தயாரித்ததில் ராபர்ட் மூக்கின் கையும் உண்டு. காட்சிப்பதிவுகளைப் பாருங்கள். உடம்பு சிலை. விரல்கள் மட்டும் மூடி, விரிந்து, ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நிலையில் நிற்கும். முழங்கையை வீசி அவர் சுரம் தேடவில்லை. சினிமாவில் திகிலுக்கும் பறக்கும் தட்டுக்கும் பயன்பட்டதை மட்டும் கேட்டுவிட்டு இந்தக் கருவியை எடைபோடுகிறவர்கள் அந்தப் பதிவைக் கேட்காதவர்கள்.

நீங்களும் விரல்களில் தொடங்குங்கள். கையை மூடினால் ஸ, சுண்டுவிரல் பக்கத்தை விரித்தால் ப. இந்த இரண்டு மட்டும். இரண்டுக்கும் நடுவே கால் மிதியால் ஓசையை அடக்குங்கள். இல்லாவிட்டால் இடையிலுள்ள எல்லாச் சுரமும் ஊர்வலம் போகும். ஸ, ப, ஸ, ப. வீட்டில் உள்ளவர்கள் சலித்துக்கொள்வார்கள். சலித்துக்கொள்ளட்டும், அறையை விட்டு அவர்கள் வெளியே போனால் சுருதிக்கு நல்லதுதான்!

மேடையோரத்தில் நான் கட்டிய கருவி இருக்கிறது. ஆசைப்படுகிறவர்கள் வரிசையாக வந்து வாசித்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒருவர். மற்றவர்கள் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஒருவர் வாசித்து முடித்து அடுத்தவர் வந்ததும் குமிழை மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். அவர் உயரம் வேறு, நிற்கிற விதம் வேறு. அதை நானே செய்துதருகிறேன். மேலே ஓடுகிற அந்த மின்விசிறியை மட்டும் யாராவது நிறுத்துங்கள். காற்றில் கம்பி ஆடுகிறது.